ஆர்.பி.எம். அண்ணன்

ஊருக்கு ஒரு ஆர்.பி.எம். அண்ணன் உண்டு. போர்ட் பிளேரில் அவர் ஜங்கிலிகாட் பக்கம் இருப்பார். 2024-இல் ஊர்ப் பெயரே ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. சீட்டும் டேங்கும் கழற்றி அவர் வாசலில் நிறுத்திய ரேஸ் பைக் மட்டும் இன்னும் கழன்றபடியே நிற்கிறது.

தீவில் ரேஸ் டிராக் கிடையாது. சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போவதென்றால் நடுவில் 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல். தீவின் நீண்ட சாலையான அந்தமான் டிரங்க் ரோடிலோ, ஜிர்காடாங் செக்போஸ்ட் தாண்டியதும் ஜாரவா பழங்குடியினரின் காடு. போலீஸ் காவலோடு, 40 கிலோமீட்டர் வேகத்துக்குள், ஓவர்டேக் பண்ணாமல் வரிசையாகப் போகவேண்டும். அண்ணனுக்கு இதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. வண்டி ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? இன்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது லேப்டாப்பில் மாட்டிய டேட்டா லாகரில் பதிவாக வேண்டும்.

"அதான் மீட்டர்ல முள்ளு காட்டுதேண்ணே?" என்று கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். உட்காரச் சொல்லி டீ வரவழைப்பார்.

"முள்ளு சோம்பேறிடா. நிமிஷத்துக்கு 12,000ன்னா செகண்டுக்கு 200 சுத்து. அது எங்க பிடிக்கும்?"

முதல் கட்டமாக பிளக் வயர்மேல் மெல்லிய வயரை நாலு சுற்று சுற்றினார். ஐடிலிங்கில் 1,400 காட்டிய லேப்டாப் திடீரென்று 31,000 காட்டியது. "நாய்ஸ்" என்றார், மாப்பிள்ளை பெயரைச் சொல்லும் மரியாதையோடு. அடுத்து இக்னிஷன் காயிலின் பிரைமரி. "12 வோல்ட்டுதானேன்னு தொட்டுடாதே. கரண்ட் கட்டாகிற நேரத்துல சில நூறு வோல்ட் எகிறும். லாகர் கேக்கிறது வெறும் 5." இரண்டையும் ஒட்டவிடாமல் ஆப்டோகப்ளர் நடுவில் உட்கார்ந்தது. இப்போது எண் சரியாக இரண்டு மடங்கு! "கேம் சென்சார் இல்லாத ஒத்த சிலிண்டர். புகை தள்ளுற ஸ்ட்ரோக்லயும் சும்மா ஒரு பொறி விழும். நான் ரெண்டு சுத்துக்கு ஒண்ணுன்னு செட் பண்ணிட்டேன்."

கடைசியில் மேக்னெட் பக்கத்துப் பிக்கப் காயிலுக்கே போனார். உப்புக் காற்றில் கனெக்டர் பின்னெல்லாம் பச்சை பூத்திருந்தது. அண்ணி வீட்டுக்குள் தேடிக்கொண்டிருந்த டூத் பிரஷ் இங்கே அதைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

2020-இல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்தபிறகு, எப்படிச் செய்வது என்ற வீடியோ நொடியில் இறங்கிவிடுகிறது. அதற்கு வேண்டிய ஷீல்டு வயர்தான் அதே சென்னையின் ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து கப்பலேறி, கடலைப் பார்த்துக்கொண்டே நிதானமாக வந்து சேரும்.

ஒருவழியாக வந்தது. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து ஆக்சிலேட்டரை முறுக்கினார். திரையில் கோடு பிசிறில்லாமல் ஏறி இறங்கியது. தெருவே கூடிவிட்டது.

கூட்டத்தில் ஒரு பொடியன் கேட்டான்: "அண்ணே, வண்டி எவ்ளோ ஸ்பீடு போகும்?"

"ஸ்பீடா? அது வீல் சென்சார் சமாச்சாரம். அடுத்த கப்பல்ல வருது."