பால் கவர் காய்ந்த கொடி

எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் ஒரு காலத்தில் துணியோடு பால் கவரும் காயும்.

மாதவரம் பால் பண்ணைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. விடியற்காலையில் ஆவின் பால் வந்ததும் அம்மா கவரின் மூலையைத் துளியூண்டு வெட்டுவாள். வெட்டிய துண்டு தனியே விழக்கூடாது, கவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கவேண்டும், விழுந்தால் சாக்கடையில் போய் அடைக்கும் என்பாள். பாலை ஊற்றி, கவருக்குள் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அதையும் பாலிலேயே சேர்த்துவிட்டு, கவரைக் கிளிப் போட்டுக் கொடியில் மாட்டிவிடுவாள். மாதம் ஒருமுறை அவற்றை அடுக்கி, சணலால் கட்டி, பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோவது என் வேலை. தராசுத் தட்டு இறங்குவதை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நிற்பேன். கையில் விழும் சில்லறையில் ஒரு இலந்தவடை எனக்கு, மீதி அம்மாவின் கடுகு டப்பாவுக்கு.

மத்தியான வெயிலில் "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்ற குரல் தெருமுனையில் கேட்டால், வீட்டில் எந்தச் சொம்பு ஓட்டையாகியிருக்கிறது, எந்த வாளிக்குக் காது அறுந்திருக்கிறது என்று தேடி ஓடாத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. காகிதத்தில் ஒட்டிக்கொண்டு வந்த அந்தப் பழத்தின் தித்திப்பு, இன்று பெட்டியில் வாங்கும் பழத்தில் இல்லை. உங்கள் நாக்கும் இதைத்தான் சொல்லும் என்று நினைக்கிறேன்.

கழனித்தண்ணி டின்னை மட்டும் மறக்கவே முடியாது. அரிசி களைந்த நீர், காய்த்தோல், வாழைப்பழத் தோல், மிஞ்சிய சோறு எல்லாம் அதற்குள் போகும். எருமை வைத்திருந்த ஆயா சாயங்காலம் வந்து அதைத் தன் குடத்தில் கவிழ்ப்பதற்கு முன், முழங்கை வரை விட்டுத் துழாவிப் பார்க்கும். ஒருநாள் அதன் கையில் என் சட்டையிலிருந்து விழுந்த ஊக்கு சிக்கியது. "இன்னாம்மா இது? என் மாட்டு வாய் கிழிஞ்சா உன் வூட்டுக் காபிக்கு ஏதும்மா பாலு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டது. அன்று முதல் அம்மா டின்னுக்குள் எதைப் போட்டாலும் ஒருதரம் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போடுவாள். குப்பையைத் தரம் பிரிக்க எங்களுக்குச் சட்டம் தேவைப்படவில்லை. மறுமுனையில் ஒரு வாய் இருந்தது, அது யாருடையது என்று தெரிந்திருந்தது.

பிறகு எருமைகள் போயின. கொட்டகை இருந்த இடங்களில் அடுக்குமாடி எழும்பியது. நகராட்சியாக இருந்த மாதவரம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து மூன்றாவது மண்டலமானது. தெருமுனைத் தொட்டி போய், மூன்று சக்கர வண்டி போய், இப்போது பேட்டரி வண்டி வாசலுக்கே வருகிறது. இது நல்லதுதான். மழைக்காலத்தில் அந்தத் தொட்டியைச் சுற்றி நாய்கள் இழுத்துப்போட்டதை மிதித்துக்கொண்டு பள்ளிக்குப் போனவர்கள் யாரும் அந்த நாட்களுக்கு ஏங்கமாட்டார்கள். பழைய இழிசொல் போய் 'தூய்மைப் பணியாளர்' என்ற பெயர் வந்ததும் மிக நல்லது.

ஆனால் வண்டி தெருவைத் தாண்டியதும் நம் குப்பை நமக்கு மறந்துபோகிறது. சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. வடசென்னையின் பங்கு கொடுங்கையூருக்குப் போகிறது. முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அந்தக் குப்பைமேடு நமக்குப் பக்கத்து ஊர்தான். கோடையில் அது பற்றி எரிந்தால் புகை நம் ஜன்னலுக்கும் வரும். பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் பயோமைனிங் வேலை அங்கே நடக்கிறது. அதே இடத்தில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று 2025-இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பலையும் ஆலைப் புகையையும் சுவாசிக்கிறவர்கள் அவர்கள். அவர்கள் கேட்டது நியாயம்.

மக்குவது, மக்காதது, அபாயமானது என்று வீட்டிலேயே பிரிக்கவேண்டும் என 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. அம்மாவின் கொடியும் டின்னும் செய்தது இதைத்தான். ஆனால் போன மாதம் எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வரும் அக்கா ஒரு கறுப்புப் பையை அவிழ்த்து, சாம்பார் சோற்றையும் டயப்பரையும் கையால் பிரித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று கையை உதறினார். சோற்றுக்குள் உடைந்த டம்ளர். கையுறை கிழிந்து, ஆள்காட்டி விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். "பரவால்ல சார், வழக்கமா நடக்கறதுதான்" என்று சேலை முனையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு விசில் ஊதப் போய்விட்டார். ஆயாவின் எருமைக்குக் காட்டிய கவனத்தை இந்த விரலுக்கு நாம் காட்டவில்லை.

உங்கள் வீட்டில் கண்ணாடி உடைந்தால், செய்தித்தாளில் நான்கு சுற்றுச் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று பேனாவால் எழுதி, சொல்லிவிட்டுக் கையில் கொடுங்கள்.