பாகற்காய்க்கு அனுமதி இல்லை

தமிழர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் "எனக்குச் சுகர் இருக்கு" என்று ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் போதும், அங்கேயே ஒரு மருத்துவ மாநாடு தொடங்கிவிடும். பாகற்காய்ச் சாற்றுக்கு ஒரு கட்சி, ஊறவைத்த வெந்தயத்துக்கு ஒரு கட்சி, ஆவாரம்பூவுக்கும் நாவற்கொட்டைக்கும் தலா ஒரு பிரிவு. தேக்கா சந்தையில் காய் வாங்கினால் கறிவேப்பிலையோடு இரண்டு ஆலோசனைகளும் கொசுறாக வரும். இத்தனை ஞானம் சும்மா வந்துவிடவில்லை. 2019-20 தேசியச் சுகாதார ஆய்வின்படி சிங்கப்பூரில் 18 முதல் 74 வயது வரை உள்ளவர்களில் 9.5 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே விகிதம் அதற்கும் மேலே. ஆக, வீட்டுக்கு ஒரு நிபுணர் இருக்கிறார், சில வீடுகளில் மாமியார் மருமகள் என்று இருவர். என் வாதம் இதுதான்: இத்தனை நிபுணர்கள் நடுவேதான் முதல் வகை நீரிழிவுக்காரர், அதாவது டைப் ஒன்காரர், நாதியற்று நிற்கிறார். அவருக்கென்று தனிக் கூட்டம் வேண்டும். ஆறுதல் சொல்ல இல்லை. ஆறுதல் நம்மிடம் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. ஆலோசனையிலிருந்து இரண்டு மணி நேரம் தப்பித்திருக்க.

டைப் ஒன்னில் நடப்பது வேறு கதை. உடம்பின் நோய் எதிர்ப்புப் படையே ஆள் தெரியாமல் கணையத்தின் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகும். வெளியிலிருந்து ஊசியிலோ பம்ப்பிலோ செலுத்தாவிட்டால் உயிர் தங்காது. ஆறு வயதுப் பிள்ளைக்கும் வரும், அறுபதிலும் வரும். தின்ற மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கணையத்தைத் தூண்டிவிடும் என்று ஊர் சொல்லும் கசப்பு வைத்தியமெல்லாம் இங்கே ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டுவதுதான். ஆனால் இதை யாரிடம் சொல்வது? சின்னப் பிள்ளைகளின் டைப் ஒன் ஃபின்லாந்தில்தான் உலகிலேயே அதிகம், ஆண்டுக்கு ஒரு லட்சம் பிள்ளைகளில் ஐம்பதுக்கு மேல். சிங்கப்பூரில் 1990களில் கணக்கெடுத்தபோது அது லட்சத்துக்கு இரண்டு மூன்று என்ற அளவில்தான் இருந்தது. வீவக புளோக்கில் கீழிருந்து மேல்வரை கதவு கதவாகத் தட்டினாலும் இன்னொரு டைப் ஒன்காரர் அகப்படுவது அரிது. பாகற்காய்க் கட்சியினரோ மாடிக்கு நான்கு பேர் தேறுவார்கள். இந்தக் கணக்கு இப்படி இருக்கையில் ஒரு தாய் கேட்க நேர்வது, "இந்த வயசுலயேவா? சாக்லேட் ரொம்பக் குடுத்துட்டியோ?" என்ற விசாரணையைத்தான்.

அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது. 2016இல் சுகாதார அமைச்சர் கான் கிம் யோங் நீரிழிவின்மீது போரே அறிவித்தார். 2022 டிசம்பர் 30 முதல் பானப் புட்டிகளுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் போடுகிறார்கள். ஓராண்டு கழித்துக் கடையில் கலக்கும் பானங்களுக்கும் அது வந்தது. நூறு மில்லிலிட்டரில் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை என்றால் டி. அதற்கு விளம்பரம் செய்யக்கூடத் தடை. நல்ல திட்டம்தான். ஆனால் எல்லாப் போரிலும் போல இதிலும் எல்லைக் கோட்டில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. போட்ட இன்சுலின் கொஞ்சம் கூடிப்போய் ரத்தச் சர்க்கரை சரிந்தால், அவர்கள் மொழியில் 'லோ' ஆகிவிட்டால், கை நடுங்கும், வேர்க்கும், புத்தி தடுமாறும். அப்போது உடனே ரத்தத்தில் கலக்கும் சர்க்கரை பதினைந்து கிராம் உள்ளே போக வேண்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். அந்த நிமிடத்தில் நாடே வெறுக்கும் டி தரப் புட்டிதான் மருந்து. ஏ தரக்காரர் யோக்கியர்தான், ஆனால் ஆபத்துக்கு உதவமாட்டார். 2017இல் பிரிட்டனில் லுகோசேட் பானத்தின் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தபோது, அதுவரை லோவுக்கு அதை நம்பியிருந்தவர்களுக்கு, இனி இரண்டு மடங்கு குடித்தால்தான் சரிப்படும் என்று எச்சரிக்கை செய்ய வேண்டியிருந்தது. நம் காப்பிக்கடையில் சுற்றியிருப்பவர்கள் எல்லாம் 'தே ஓ கொசொங்' என்று சீனியில்லாத தேநீரைப் பெருமையோடு கேட்கும்போது, நீரிழிவுக்காரர் ஒருவர் நடுங்கும் கையோடு சீனி தூக்கலாகக் கேட்டால் பக்கத்து மேசை அவரைப் பார்க்கும் பார்வையை நான் வர்ணிக்கத் தேவையில்லை. ரயிலுக்குள் லோ ஆனால் இன்னும் விசேஷம். அங்கே உண்பதும் குடிப்பதும் குற்றம். அபராதம் 500 வெள்ளி வரை. மருத்துவக் காரணத்தை எடுத்துச் சொல்லலாமே என்பீர்கள். புத்தி தடுமாறி நிற்பவர் வாதாடுவதில் அவ்வளவு கெட்டிக்காரராக இருப்பதில்லை.

எண்களின் கூத்து தனி. சிங்கப்பூர் ரத்தச் சர்க்கரையை மில்லிமோலில் அளக்கிறது, தமிழ்நாடு மில்லிகிராமில். இங்கே 7 என்றால் அங்கே 126. பதினெட்டால் பெருக்க வேண்டும். பேத்தி தொலைபேசியில் "இன்னிக்கு ஏழு, பாட்டி" என்றால் தஞ்சாவூர்ப் பாட்டி, ஏழு இருந்தால் ஆள் எப்படி உயிரோடு பேசுகிறாள் என்று பதறிப்போவார். 126 என்று சொல்லிப் பழகிய அண்ணன் இங்கே வந்து சிங்கப்பூர்க் கருவியில் 15 என்று கண்டு, 'ஆகா, கட்டுக்குள் வந்துவிட்டது' என்று லட்டுவுக்குக் கை நீட்டினாலும் ஆச்சரியமில்லை. 15 என்பது 270. இதையெல்லாம் விளக்காமலேயே சிரிக்கக்கூடிய அறை ஊரில் ஒன்றாவது இருக்க வேண்டாமா? தவிர, நாம் எந்த எண்ணையும் பரீட்சை மதிப்பெண்ணாகவே பார்க்கப் பழகியவர்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி முடிவு வீட்டுக்கு வந்தால், மதிப்பெண் அட்டையைப் பார்ப்பதுபோல்தான் பார்க்கிறோம். குறைந்தால் பாராட்டு என்ற ஒரு வித்தியாசத்தைத் தவிர.

இதற்கெல்லாம் டாக்டர் இருக்கிறாரே, கூட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டாக்டர் இருக்கிறார். ஆண்டுக்கு நான்கு சந்திப்பு, ஒவ்வொன்றும் தாராளமாக அரை மணி என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் இரண்டு மணி நேரம். ஆண்டில் 8,760 மணி நேரம். மீதி 8,758 மணி நேரமும் நோயாளிதான் டாக்டர், தாதி, உணவுக் கணக்காளர். தேசிய சேவை வயதில் என்ன ஆகும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சொல்லலாமா, கடலில் நீந்தும்போது பம்ப்பை என்ன செய்வது, அப்பளத்தில் எத்தனை கார்ப், அதாவது மாவுச்சத்து? இதற்கெல்லாம் பதில், அதே கேள்வியோடு பத்து வருடம் குடித்தனம் நடத்தியவரிடம்தான் இருக்கும்.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கனமானது: நோயாளிகள் கூடினால் புரளியும் கூடும், யாராவது ஒருவர் எழுந்து, ஊசியை நிறுத்திவிட்டேன், மூலிகையில் குணமானேன் என்பார். நியாயமான பயம். ஆனால் டைப் ஒன் கூட்டத்தில் இந்தச் சாட்சிக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: ஊசியை முழுக்க நிறுத்தியவர் அடுத்த கூட்டத்துக்குச் சாட்சி சொல்ல வரமாட்டார். 1922 ஜனவரியில் டொரோண்டோவில் லெனர்ட் தாம்ப்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடும்வரை, இந்நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்கள் நீட்டி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் வைத்தியம். அந்த வரலாறு தெரிந்தவர்கள் நிறைந்த அறையில் புரளி விலைபோவது கடினம். பொதுக்கூட்டத்தில்தான் அது கொழிக்கும்.

மூன்றாவது ஆட்சேபத்தை வெளியே சொல்லமாட்டார்கள், வீட்டுக்குள் சொல்வார்கள். "ஊருக்கெல்லாம் தெரியணுமா? நாளைக்குப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆக வேணாமா?" இவர்களுக்கு வலுவான சாட்சி அமெரிக்காவிலேயே இருக்கிறது. அந்நாட்டு வெளியுறவு அமைச்சராயிருந்து பின்னர் தலைமை நீதிபதியான சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத், 1922 ஆகஸ்டில் எலும்பும் தோலுமாக, சுமார் இருபது கிலோ எடையில் டொரோண்டோ வந்து இன்சுலின் பெற்றார். பிறகு கல்யாணம், பிள்ளைகள், பொதுத் தொண்டு என்று வாழ்ந்து 1981இல், 73 வயதில் மறைந்தார். ஏறக்குறைய யாரிடமும் தன் நோயைச் சொல்லாமலே. ரகசியமாகவும் வாழ முடியும் என்பதற்கு அவர் சான்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அப்பாவும் அந்த வசதியும் எல்லா வீட்டிலும் கிடைக்காது. அவருக்கு எதிரே ஈவா சாக்ஸலை நிறுத்துகிறேன். செக் நாட்டிலிருந்து தப்பி ஷாங்காயில் அகதியானவர். அங்கேதான் நோய் கண்டது. ஜப்பானியர் பிடியில் மருந்துக் கடைகளில் இன்சுலின் தீர்ந்தபோது, அவரும் கணவர் விக்டரும் ஒரு மருத்துவப் புத்தகத்தைப் பார்த்து, எருமைக் கணையத்திலிருந்து, இரவல் வாங்கிய ஆய்வுக்கூடத்தில், தாங்களே இன்சுலின் காய்ச்சினார்கள். பழுப்பு நிறத் திரவம். முயலிடம் சோதித்தார்கள், பிறகு ஈவா தனக்கே போட்டுக்கொண்டார். அங்கிருந்த நீரிழிவுக்காரர்கள் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் அதனால் பிழைத்தார்கள். அந்த இருநூறு பேரும் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று வீட்டுக்குள் ஒளிந்திருந்தால் அந்த எருமை இறந்ததில் யாருக்கும் பிரயோசனம் இருந்திருக்காது.

கடைசியாக, இரண்டாம் வகையினரைத் தள்ளிவைப்பது ஒருவிதத் தீண்டாமை அல்லவா என்று கேட்டால், அந்த வாடை சில டைப் ஒன்காரர்களிடம் அடிக்கத்தான் செய்கிறது. "நாங்க தின்னு வரவழைச்சுக்கல" என்று நிமிர்ந்து சொல்லும்போது, பரம்பரை வாகில் நாற்பது வயதில் சர்க்கரை வந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சியை அவர்களும் அதே சாக்லேட் விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறார்கள். பிரிட்டனின் நீரிழிவுச் சங்கத்தை 1934இல் தொடங்கியவர்கள் இருவர்: முதுமையை நெருங்குகையில் நீரிழிவு கண்ட எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், இளமையில் சாகக் கிடந்து இன்சுலினால் மீண்ட மருத்துவர் ஆர். டி. லாரன்ஸ். சங்கம் ஒன்றாகவே இருக்கட்டும். நான் கேட்பது இரண்டு மணி நேரத்துக்கு ஓர் அறை.

அறை டோபி காட்டில் இருந்தால் உத்தமம். ஒரு காலத்தில் சலவைத் தொழிலாளர் துணி வெளுத்த அந்த ஓடைக்கரையில் இன்று மூன்று ரயில் தடங்கள் சந்திக்கின்றன. வடகிழக்குத் தடத்தில் முந்தைய நிலையம் லிட்டில் இந்தியா. பக்கத்திலேயே கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. எதிர்த்திசையில் மூன்றாவது நிலையம் ஊட்ரம் பார்க். அங்கே சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை. வடக்கு-தெற்குத் தடத்தில் நொவீனா போனால் டான் டோக் செங் மருத்துவமனை; வட்டத் தடத்தில் கெண்ட் ரிட்ஜ் போனால் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை. குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்கள் மருத்துவரிடம் மாறும் வயதில்தான் பிள்ளைகள் சிகிச்சையைவிட்டு நழுவுகிறார்கள் என்று எல்லா நாட்டு மருத்துவர்களும் கவலைப்படுகிறார்கள். கேகேயிலிருந்து ஊட்ரம் பார்க் போகும் வழியில் முதலில் வருவது டோபி காட்தான். நழுவுகிறவனை அங்கே இறக்கிப் பிடித்துக்கொள்ளலாம்.

கூட்டம் எப்படி நடக்கும் என்று கற்பனை செய்வது சிரமமில்லை. சர்க்கரையை அளக்கும் யாருடைய சென்சாரோ 'கீங்' என்று கத்தும். உடனே பத்துப் பேர் தங்கள் கைப்பேசியைத் தடவுவார்கள். 'சர்க்கரை நோயாளிகளுக்கு' என்று அட்டை வைத்த தனி மேசை இருக்காது. ஜிலேபி இருக்கும், அதன் எடையைப் பற்றிய சர்ச்சையும் இருக்கும். ஒரு கோப்பைச் சோற்றில் நாற்பத்தைந்து கிராம் கார்ப் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். எது ஒரு கோப்பை என்பதில்தான் கட்சி பிரியும். ஏற்பாட்டாளர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வேக இன்சுலினைச் சாப்பாட்டுக்குச் சுமார் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போடுவது வழக்கம். நம் கூட்டங்களில் 'இன்னும் ஐந்து நிமிடத்தில் உணவு' என்று அறிவித்த பிறகுதான் சிறப்பு விருந்தினர் ஒலிவாங்கியைப் பிடிப்பார். தலைவருக்குப் பொன்னாடை, துணைத்தலைவருக்குப் பொன்னாடை, பிறகு நன்றியுரை. ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்கும் ஐம்பது பேர் அந்நேரம் ஒன்றாக லோ ஆனால் மண்டபத்தில் உள்ள பழச்சாறு போதாது. எனவே நன்றியுரை சாப்பாட்டுக்குப் பிறகு இருக்கட்டும். முன்னதாகத்தான் பேசுவேன் என்று அடம்பிடிப்பவர் கையில் ஒலிவாங்கியோடு டி தரப் புட்டிகளின் பெட்டி ஒன்றையும் கொடுத்துவிடலாம்.