பாய்லர் சார்

நெய்வேலி டவுன்ஷிப்பில் காஸ் அடுப்பு மக்கர் செய்தால் இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் ரிப்பேர்காரர், கூப்பிட்டாலும் வர மாட்டார். இன்னொருவர் பாய்லர் சார். கூப்பிடாமலே வந்து நிற்பார்.

பாய்லர் சார் என்பது தனி ஓர் ஆளின் பெயர் அல்ல. எந்த வட்டத்தில் விசாரித்தாலும் அந்தப் பெயருக்கு ஒருவரைக் காட்டுவார்கள். அனல்மின் நிலையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பாய்லர் ஓட்டியவர். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, இந்திரா நகரிலோ வடக்குத்திலோ சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டவர். 'போய்விட்டவர்' என்பது கம்பெனியின் கணக்கு. காலை வாக்கிங்குக்கு அவர் இன்னமும் டவுன்ஷிப்புக்குள்தான் வருகிறார். வெளியே மரமில்லை, நிழலில்லை என்று காரணம் சொல்வார். மரத்தடியில் நடந்துகொண்டே, எந்த வீட்டுச் சமையலறை ஜன்னலில் தீ மஞ்சளாகத் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டு போவதுதான் உண்மையான காரணம்.

இவர்களில் மூத்த பிரிவு ஃபர்ஸ்ட் தெர்மல்காரர்கள். சோவியத் உதவியோடு கட்டப்பட்டு, 1962இல் முதல் யூனிட் ஓடத் தொடங்கி, 2020இல் ஓய்வு பெற்ற நிலையம் அது. அதற்குப் பிறகு உலகத்தில் உருவான எந்தச் சாதனத்தின் மீதும் இவர்களுக்கு மரியாதை கிடையாது.

"ரஷ்யாக்காரன் போட்டது. ஐம்பத்தெட்டு வருஷம் ஓடிச்சு. உங்க அடுப்பு எப்ப வாங்கினது?"

"போன வருஷம் சார்."

"அதான்."

இத்தனைக்கும் ரஷ்ய எஞ்சினியர் யாரையும் சார் கண்ணால் கண்டதில்லை. கண்டவரிடம் ஜூனியராக இருந்தவரிடம் இவர் ஜூனியர். ஆனாலும் 'அன்னிக்கு ரஷ்யாக்காரன் என்ன சொன்னான் தெரியுமா?' என்று ஆரம்பித்தால், மாஸ்கோவிலிருந்து நேற்று ராத்திரிதான் போன் வந்ததோ என்று தோன்றும்.

டிசம்பர் மாதம் அவருக்குப் பண்டிகைக் காலம். காரணம் கிறிஸ்துமஸ் அல்ல, கேக். ராஜஸ்தானில் உள்ள பர்சிங்சருக்கு மாற்றலாகிப் போன அதிகாரியின் வீட்டிலிருந்து கைமாறி வந்த பழைய குக்கிங் ரேஞ்ச் ஒன்று டீச்சரம்மா வீட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே நாலு அடுப்பு, கீழே ஓவன். திருகைத் திருப்பினால் தீ பிடிக்கிறது. கையை எடுத்தால் அணைந்துவிடுகிறது. எப்படியோ பிடித்து நிறுத்தினாலும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கேக்கின் நடுப்பகுதி மாவாகவே இருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் குனிந்து ஓவனைப் பார்ப்பார்கள். பாய்லர் சார் பார்க்க மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவையும் கையிடுக்கிலிருந்து பழைய கம்பெனி டைரியையும் எடுப்பார்.

"கடைசியா எப்ப ஃபுல் லோடுல ஓடிச்சு?"

"போன கிறிஸ்துமஸுக்கு சார்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் உள்ள தோசைக்கல்லு, வாணலியெல்லாம் அடுக்கி வெச்சிருந்தோம்."

சார் நிமிர்ந்து பார்க்கும் பார்வையில் டீச்சரம்மா ஹெட்மாஸ்டர் முன்னால் நிற்கும் மாணவி ஆகிவிடுவார். டைரியில் ஏதோ எழுதி, இரண்டு முறை அடிக்கோடிடுவார்.

அடுத்தது பர்ஜ். ஓவன் கதவு, சமையலறைக் கதவு, ஜன்னல், கொல்லைக் கதவு எல்லாம் திறக்கப்படும். மார்கழிக் குளிரில் மாமியார் போர்வையோடு வந்து என்ன ஆயிற்று என்று கேட்பார். சார் அசைய மாட்டார். பற்றாமல் விட்ட காஸ் காற்றைவிடக் கனமானது; மேலே பறந்து போகாது, ஓவனின் அடியிலும் தரையிலும் தங்கும். அதன் மேல் இன்னொரு தீக்குச்சி கிழிப்பது எமனுக்குத் தாம்பூலம் வைப்பது. பாய்லரிலும் அப்படித்தான். பர்னஸுக்குள் காற்றை ஊதி, மிச்சம் மீதியை வெளியேற்றாமல் நெருப்பு வைக்கவே முடியாது, இன்டர்லாக் விடாது. டீச்சரம்மா வீட்டு ஓவனுக்கு இன்டர்லாக் இல்லை. சார்தான் இன்டர்லாக். அவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் சிரிக்காமல் இருப்பது நல்லது.

அந்த இடைவெளியில் எரிபொருள் பற்றிய சொற்பொழிவு நடக்கும். சாருக்கு எல்பிஜி மீது ஓர் இளக்காரம் உண்டு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். அதைச் சூடான புகையிலேயே உலர்த்தி, பொடியாக்கி, ஊதி எரிக்க வேண்டும். ஸ்டாக் யார்டில் சும்மா கொட்டி வைத்தால் மட்டும் தானாகவே பற்றிக்கொள்ளும். வேண்டிய இடத்தில் எரியாது, வேண்டாத இடத்தில் எரியும். "அதை எரிச்சவன் நான். இது என்ன? எரியறதுக்குன்னே பொறந்தது. இதை எரிக்க ஒரு ஆளா?" என்பார். அப்படியே கணக்குக்குப் போவார். நிலக்கரி கிலோவுக்குச் சுமார் 2,600 கிலோ கலோரி. காஸ் 11,000 பக்கம். ஆகவே 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று அறுபது கிலோ நிலக்கரிக்குச் சமம். டீச்சரம்மா தலையாட்டுவார். அறுபது கிலோ நிலக்கரியும் வேண்டாம், ஒரு கிலோ கேக் வெந்தால் போதும் என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வார்.

பிறகு லெக்கோ. நிலக்கரியைக் கட்டியாக்கி, கரியாக்கி, லெக்கோ என்ற பெயரில் அடுப்புக்கு விற்றது நெய்வேலி. காஸ் வருவதற்கு முந்தைய தலைமுறை அதில் சோறு பொங்கியது. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டதைச் சொல்லும்போது, நெருங்கிய சொந்தத்தில் சாவு விழுந்த குரல் அவருக்கு வந்துவிடும்.

ஒருவழியாக வேலை தொடங்கும். அவருடைய வரிசையை மட்டும் குறை சொல்ல முடியாது. முதலில் சிலிண்டர், ரெகுலேட்டர், ஆரஞ்சு நிற ரப்பர் டியூப். டியூப்பை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதால் அதில் அச்சடித்திருக்கும் தேதியை டார்ச் அடித்துப் படிப்பார். இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, கொப்புளம் வருகிறதா என்று பார்ப்பார். அடுத்தது தீயின் நிறம். நீலமாக இருந்தால் போதுமான காற்று. மஞ்சள் நுனி தெரிந்தால் காற்று வழியில் தூசி, ஜெட்டில் அடைப்பு. இங்கே நீலம்தான். ஆனால் கையை எடுத்தால் அணைகிறது.

"ஃப்ளேம் ஸ்கேனர்!" என்று துள்ளுவார். பர்னஸில் தீ இல்லை என்று ஸ்கேனர் சொன்ன மாத்திரத்தில் எரிபொருள் தானாக நின்றுவிடும். ஓவனில் அந்த உத்தியோகத்தைப் பார்ப்பது தெர்மோகப்பிள், தீயில் நனைந்தபடி நிற்கும் சின்னஞ்சிறு கம்பி. சூட்டில் சில மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாக்கும்; அந்தச் சொற்ப மின்சாரம்தான் காஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. கம்பியில் கரி படிந்தால் சூடு ஏறாது. சூடு ஏறாவிட்டால் வால்வு மூடிக்கொள்ளும். மெல்லிய உப்புத்தாளால் துடைத்துவிட்டு, திருகைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து விடுவார். தீ நிற்கும்.

"இதுவும் மெகாவாட் மாதிரிதான் டீச்சர். அளவு மட்டும் கொஞ்சம் கம்மி."

அடுத்தது சூடு போதாத வழக்கு. ஓவனுக்குள் தலையை விட்டு டார்ச் அடிப்பார். சுவரோரம் ஒரு கிளிப் காலியாக இருக்கும். அதில் மாட்டியிருக்க வேண்டிய தெர்மோஸ்டாட் குமிழ் கீழே சரிந்து பர்னரை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். தீக்குப் பக்கத்தில் இருப்பதால் அதற்குச் சீக்கிரமே சுடும். ஓவன் முழுவதும் சூடாகிவிட்டது என்று நம்பி காஸைக் குறைத்துவிடும். குமிழைத் தள்ளிவிட்டது யார் என்று கேட்க வேண்டியதில்லை. டைரியில் தெளிவான கையெழுத்தில் பதிவாகும்: 'மூல காரணம்: தோசைக்கல்.'

குமிழை ஏற்றி மாட்டியதும் சரிபார்க்க வேண்டுமே. தெர்மாமீட்டர் இல்லை. தட்டில் கொஞ்சம் சர்க்கரை கேட்பார். சர்க்கரை உருகுவது 186 டிகிரி வாக்கில். திருகை 180இல் வைத்தால் உருகக் கூடாது. 190இல் வைத்தால் உருக வேண்டும். இரண்டு சோதனைக்கும் நேரமாகும் என்பதால் காபி வரும். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் நெருப்பு பற்றியும் பேச்சு வரும். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அணையா அடுப்பு இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். "ஸ்கேனர் கிடையாது, ஸ்டாண்ட்பை யூனிட் கிடையாது, ஆனுவல் ஓவர்ஹாலும் கிடையாது. இன்னிக்கு வரைக்கும் ஒரு ட்ரிப் இல்ல, டீச்சர்!" என்று கையெடுத்துக் கும்பிடுவார். ரஷ்யாக்காரனைத் தாண்டி அவர் ஒப்புக்கொண்ட ஒரே எஞ்சினியர் வள்ளலார்தான்.

பெங்களூரிலிருந்து வந்திருக்கும் மகள், "பேசாம கரன்ட்ல ஓடற ஓடிஜி ஒண்ணு வாங்கிடலாமே அம்மா" என்பாள். சாருக்கு முகம் சிவக்கும். "நிலக்கரியை எரிச்சு, அதுல வர்ற சூட்டுல மூணுல ரெண்டு பங்கைக் கூலிங் டவருக்கும் சிம்னிக்கும் தானம் பண்ணி, மிச்சத்தைக் கரன்ட்டாக்கி, கம்பியில அனுப்பி, அதை மறுபடியும் சூடாக்கி கேக்கு சுடறதா?" அவள் வாயடைத்துப் போவாள். சாரும் வாயடைத்துப் போவார். முப்பது வருஷம் தான் செய்த வேலைக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லிவிட்டது அப்போதுதான் உறைக்கும். "இருந்தாலும் கரன்ட் வேணும்தான்" என்று முணுமுணுத்து, காபி டம்ளரைக் கவிழ்ப்பார்.

கேக் உள்ளே போகும். சூடு போதாத காலத்தில் டீச்சரம்மா பழகிய கணக்கு இரண்டு மணி நேரம். சார் அந்தக் கணக்கைக் கேட்கவில்லை. நெருப்பு வரைதான் அவர் எல்லை. அதன் மேல் என்ன வேகிறது என்பது வேறு டிபார்ட்மென்ட். ஆகவே கதவைத் திறந்தபோது கேக் அடிமுதல் நுனிவரை கறுத்திருக்கும். டீச்சரம்மா தலையில் கை வைப்பார். சார் ஒரு விள்ளலை உடைத்து, விரலில் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். முகம் மலரும்.

"ட்ரையல் ரன் சக்சஸ், டீச்சர். அசல் லெக்கோ!"