மூன்றாவது ஆள்

நவம்பர் பிறந்தால் எங்கள் துறை வராந்தாவில் மரியாதை பெருகிவிடும். அதுவரை என்னைக் கண்டதும் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்ட பையன்கள், வழிமறித்து "குட்மார்னிங் மேம்" சொல்வார்கள். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பம் போடும் பருவம் அது. பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ பரிந்துரைக் கடிதம் கேட்கும். எல்.ஓ.ஆர். என்றால்தான் பிள்ளைகளுக்குப் புரியும்.

முதல் கடிதம் எச்.ஓ.டி.யிடம். அவர் இவர்களுக்கு ஒரு பாடமும் எடுத்ததில்லை. இருந்தாலென்ன, பதவி பெரிதாயிற்றே! இரண்டாவது, ஐ.ஐ.டி.யில் பிஎச்.டி. முடித்த பேராசிரியர். அதற்குப் பிறகுதான் ஆய்வகத்தில் கூடவே நின்ற உதவிப் பேராசிரியர் போன்ற சில்லறைகள். அதாவது, நான்.

"எச்.ஓ.டி. சார் ஓகே சொல்லிட்டாரு. இன்னும் ஒரு ஆள்தான் குறையுது மேம்" என்றான் ஒருவன். பந்தியில் ஓர் இலை காலியாக இருக்கிறது, நீங்களும் உட்காருங்கள் என்பது போல.

இத்தனைக்கும் அவனைப் பற்றி எழுத என்னிடம்தான் விஷயம் இருந்தது. மோட்டார் ஏன் திக்கித் திக்கிச் சுற்றுகிறது என்று, ஆய்வகம் பூட்டும் நேரம் தாண்டியும் மல்டிமீட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்து, கழன்று கிடந்த கிரவுண்ட் ஒயரைக் கண்டுபிடித்தவன். அதை எழுதலாம் என்று பார்த்தால், "டிராஃப்ட் நானே கொண்டுவந்துட்டேன் மேம், சைன் மட்டும் போதும்" என்று நீட்டினான். தலைமைப் பண்பு, கடின உழைப்பு எல்லாம் முறையாக இருந்தன. மூன்றாவது பத்தியில் ஆள் 'ஷீ' ஆகிவிட்டான். போன வருஷத்து சீனியர் அக்காவின் கடிதம்!

அமெரிக்காவில் 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி, அங்கே கல்லூரியில் சேர்ந்த மாணவருக்குத் தன்னைப் பற்றி வந்த பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்க உரிமை உண்டு. ஆசிரியர் மனம்விட்டு எழுதட்டும் என்று, அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சம்மதமா என விண்ணப்பத்திலேயே கேட்கிறார்கள். நம் பிள்ளைகளும் தயங்காமல் 'சம்மதம்' என்று டிக் அடிக்கிறார்கள். தான் எழுதிய கடிதத்தைத் தானே படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யும் தியாகம் வேறு யாருக்கு வரும்?

ஆன்லைன் படிவம் இன்னும் வேடிக்கை. மாணவர் வகுப்பில் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா என்று கேட்கும். 60 பேர் வகுப்பில் 5 சதவீதம் என்றால் 3 பேர். எங்கள் துறையின் தாராளத்தில் அந்த மூன்று இடத்தில் ஒரு கிரிக்கெட் டீமே உட்காரும்.

அந்தப் பையனுக்குக் கிரவுண்ட் ஒயரைப் பற்றித்தான் எழுதி அனுப்பினேன். "லீடர்ஷிப் போடலையா மேம்?" என்று முகம் சுருங்கிப் போனான்.

தம்பிகளே, தங்கைகளே, பதவியைப் பார்க்காமல் உங்கள் பெயர் தெரிந்தவரிடம் போங்கள். மூன்று வாரம் முன்னாடியே கேளுங்கள். கடைசித் தேதி டிசம்பர் 15 என்றால், 14-ஆம் தேதி ராத்திரி "மேம், லிங்க் வந்துச்சா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். நான் தூங்கியிருப்பேன்.