வேட்டைப் பையும் கல்வராயன் மலையும்

கேள்வி: கல்வராயன் மலைக்காட்டில் வேட்டைக்குச் செல்ல, உயர்விலை முதுகுப்பைகளில் எது ஏற்றது?

பதில்: காட்டு விலங்கு வேட்டையை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்வதால், அமெரிக்க வேட்டைக்காரர்கள் இறைச்சியைக் கட்டித் தூக்குவதற்காகப் பைக்கும் அதன் சட்டகத்துக்கும் நடுவே விடப்படும் சுமையிடத்தில், கள்ளக்குறிச்சிக்காரர் ஈரக் கூடாரத்தைத்தான் கட்ட முடியும்; மானும் பன்றியும் மலையிலேயே இருப்பது மலைக்கும் நல்லது, முதுகுக்கும் நல்லது. வனத்துறையின் அனுமதியோடு வெள்ளிமலைப் பக்கம் நடப்பவர் கொடுத்த காசுக்கு விடை சொல்வது இடுப்புப்பட்டையே: எடையின் பெரும்பகுதியைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பெலும்பின் மேல் அமர்த்த வேண்டிய அந்தப் பட்டை, பையின் முதுகுநீளம் ஆளின் முதுகுநீளத்தோடு, அதாவது தலை குனிந்தால் கழுத்தடியில் புடைக்கும் எலும்பு முதல் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரையுள்ள அளவோடு பொருந்தாவிட்டால், வயிற்றை இறுக்குவதோடு நின்றுவிடும். ஆகவே கடையிலேயே பத்துக் கிலோ எடையை உள்ளே வைத்து, பட்டையைப் பூட்டி, மாடிப்படி ஏறிப் பார்த்த பின்பே வாங்க வேண்டும். நூலின் பருமனைக் குறிக்கும் டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் கிராம் எடையாகும்; 500 டெனியர் நைலான் முட்புதரின் உரசலைத் தாங்கினாலும், வடகிழக்குப் பருவமழை தையல் வழியே நுழைந்துவிடுமாதலால், பைக்குள் தடித்த பிளாஸ்டிக் உறை ஒன்று கட்டாயம் வேண்டும்.