பூட்டுப் போட்ட டீசல் டேங்க்

எங்கள் தெருவில் கோழி கூவுவதற்கு முன்பே என் வண்டி எல்லோரையும் எழுப்பிவிடும். 1998 மாடல் டாடா 407. விடிகாலையில் தக்காளி ஏற்றக் கிளம்பும்போது அது ‘டொக் டொக்’ என்று தட்டுகிற தட்டில், எதிர்வீட்டுப் பாட்டி தூக்கக் கலக்கத்தில் “தாப்பா போடல, தள்ளிக்கிட்டு வா” என்பார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர்கள், வண்டி இரண்டு திருப்பத்துக்கு அப்பால் வரும்போதே என் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

கம்பெனியிலிருந்து வந்த மாதிரி அந்த வண்டியில் அதிகம் மிச்சமில்லை. முதல் முதலாளி பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை ஒன்று கூடுதலாகச் சேர்த்தார். இரண்டாமவர் மேடு ஏறப் ‘புல்லிங்’ பத்தவில்லை என்று பம்பின் சீலை உடைத்து டீசலைக் கூட்டினார். டைமிங்கையும் கொஞ்சம் முன்னே தள்ளிவைத்தார். மூன்றாமவனான நான் மட்டும் சும்மா இருக்கலாமா? கம்பீரத்துக்காக 7.50 டயரைக் கழற்றிவிட்டு 8.25 மாட்டினேன். ஏழரை விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். எங்கள் மாடியில் குடியிருக்கும் தமிழாசிரியர் மட்டும் டயரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “பழைய கணக்கில் எட்டுக்கு ‘அ’, காலுக்கு ‘வ’. எட்டேகால் என்றால் ‘அவ’. லட்சணத்தை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் படியேறினார். எஃப்சிக்குப் போகும்போது மட்டும் பழைய ஏழரையை மாட்டிக்கொண்டு போவேன். சட்டத்துக்கு அவ்வளவு மரியாதை.

தட்டல், வாங்கும்போதே லேசாக இருந்தது. போகப் போகக் குரல் உடைந்துவிட்டது. டீசலும் கூடக் குடித்தது. லிட்டருக்கு ஒன்பது ஓடிய வண்டி ஏழரைக்கு வந்து நின்றது. ஏழரை எங்கேயும் போகவில்லை, டயரிலிருந்து மைலேஜுக்கு இடம் மாறியிருந்தது. மாதம் 2,400 கிலோமீட்டர் ஓட்டம் என்றால் 320 லிட்டர். லிட்டர் 92 ரூபாய். 2017 ஜூனில் தினசரி விலை வந்ததிலிருந்து ராசிபலனுக்கு முன்னால் டீசல் விலையைத்தான் பார்க்கிறேன். பலன் இரண்டிலும் ஒன்றுதான்.

சந்தேகம் டிரைவர் அண்ணன் மேல் விழுந்தது. நேரே கேட்க வாய் வரவில்லை. என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஆகவே டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு வண்டிக்கு டீசல் போட வேண்டுமானால் நானே பங்குக்குப் போய் வேட்டியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. பங்கில் வேலை பார்க்கும் பெண்கள் என் தலை தெரிந்ததும் திரும்பி நின்று மீட்டரைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

தட்டலுக்கு வைத்தியம் சொல்லாத ஆளில்லை. பேரிங் என்றார் ஒருவர். டேப்பட் என்றார் இன்னொருவர். ஆயிலைக் கெட்டியாக ஊற்று என்றார் ஊற்றாத ஒருவர். பைக் வைத்திருக்கும் சித்தப்பா மகன் ஆக்டேன் கூட்டும் மருந்தென்று ஒரு பாட்டில் வாங்கி வந்தான். அது பெட்ரோலுக்கான மருந்து. பெட்ரோல் தன் முறைக்குக் காத்திருக்காமல் முந்திப் பற்றிக்கொண்டால் தட்டும். டீசல் சோம்பல்பட்டுப் பிந்திப் பற்றினால் தட்டும். ஒருவன் மருந்து மற்றவனுக்கு விஷம். தமிழாசிரியரோ, 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இஞ்சின் கடலை எண்ணெயிலேயே ஓடியது என்றார். கடலை எண்ணெய் விற்கிற விலைக்கு வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போவதற்குப் பதில் வடையை ஏற்றலாம். இத்தனை வைத்தியத்திலும் வேலை செய்தது ஒன்றுதான்: டீக்கடைக்காரர் சொன்னபடி கேபினில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். இளையராஜா அடித்துக்கொண்டிருந்தவரை இஞ்சின் அடிப்பது கேட்கவில்லை.

கடைசியில் மெக்கானிக் பாயின் பட்டறைக்குப் போனேன். நான் வரலாறு சொல்ல ஆரம்பித்ததும் கையமர்த்தினார். நீள ஸ்க்ரூ டிரைவர் ஒன்றின் முனையை இஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நாசில் பைப் நட்டு ஒவ்வொன்றையும் தளர்த்தினார். ஒன்றாவதைத் தளர்த்தினார், வண்டி நொண்டியது, தட்டல் போகவில்லை. இறுக்கினார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தளர்த்தியதும் டீசல் ஸ்பேனர் மேல் கொப்பளித்தது. தட்டல் சட்டென்று நின்றது. நாற்பது வருஷமாக ஓடிய தறி நின்ற மாதிரி எனக்குக் காது ‘ஙொய்’ என்றது.

“நாசில் ஒழுகுது” என்றார்.

கழற்றியதைப் பம்பு கடைக்குக் கொண்டுபோனோம். கம்பெனியின் பெயர் 2008-இலேயே பாஷ் என்று மாறினாலும் அங்கே இன்னும் ‘மைக்கோ பம்பு’தான். டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அமுக்கினார்கள். நல்ல நாசில் ‘கிர்’ரென்று தவளை மாதிரி கத்திக்கொண்டு புகையாகத் தூவும். என்னுடையது சளி பிடித்த பிள்ளையின் நாசியேதான். நுனியில் ஒரு சொட்டு திரண்டு, யோசித்து, விழுந்தது.

“கேஸைத் திறந்து விட்டுட்டு அப்புறமா தீப்பெட்டி தேடுனா என்ன ஆகும்?” என்றார் பாய்.

“பொப்புனு பிடிக்கும். புருவம் கருகும்.”

“அதான் உள்ள நடக்குது. டீசலுக்குப் பிளக் கிடையாது. அமுக்குன காத்தோட சூட்டுலதான் பத்தணும். தூவுனா உடனே பத்தும், சொட்டுனா தேங்கி நின்னு மொத்தமா வெடிக்கும். அதுல ஒங்க பழைய ஓனரு டைமிங்க வேற முன்ன வச்சிருக்காரு. காத்து சூடாவுறதுக்கு முன்னயே டீசல் வந்து உக்காந்திருக்கு.”

நான்கு நாசிலையும் மாற்றி, பம்பை அளவுக்குக் கொண்டுவந்து, டைமிங்கை மார்க்கில் நிறுத்தினார். கரும்புகை போனது. மேட்டில் மினி பஸ்ஸெல்லாம் முந்துகிறது, போகட்டும். எதிர்வீட்டுப் பாட்டி ஏழு மணி வரை தூங்குகிறார். டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தேன்: எட்டரை. மாதம் 38 லிட்டர் மிச்சம். ஆனால் அந்தப் பழைய அரை கிலோமீட்டர்? கை தானாக இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

அடுத்த லோடுக்கு நானும் கூடவே ஏறினேன். பாட்டு இல்லை, தட்டலும் இல்லை. பொழுது போகாமல் ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லை எண்ணினேன். நாற்பது கல் போயிருந்தது. மீட்டரில் முப்பத்தேழரைதான் ஓடியிருந்தது. மீட்டர் எண்ணுவது சக்கரத்தின் சுற்றை. எட்டேகால் டயர் ஒரு சுற்றில் ஏழரையைவிடக் கூடுதல் தூரம் போகிறது. அந்தக் கூடுதல் மீட்டருக்குத் தெரியாது. ஓடிய தூரத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒன்பது சுத்தமாக வந்தது. அரை கிலோமீட்டரைத் திருடியவன் நான்தான்.

“அண்ணே, பெரிய டயர் போட்டா மீட்டர் கம்மியாக் காட்டும்னு ஒங்களுக்குத் தெரியுமா?”

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மாட்டுன மறுநாளே சொன்னேனே தம்பி. பாட்டு அலறிக்கிட்டு இருந்துச்சு. நீங்க ‘ஆமாண்ணே, அருமையான பாட்டு’ன்னு சொன்னீங்க.”