செல்லுபடியாகும் செல்லாக்காசு

எங்கள் வீட்டில் வெட்கிரைண்டருக்குப் பின்னால் மில்லார்ட் ஃபில்மோர் குடியிருக்கிறார். அமெரிக்காவின் 13-வது ஜனாதிபதி. ஒருவர் இருவர் இல்லை, 275 பேர். ரோலுக்கு 25 பேராக, காகிதத்தில் இறுகச் சுற்றப்பட்டு, 11 ரோல்களில் 2010-லிருந்து அங்கேயே நிற்கிறார்கள். மாவு ஆட்டும் நாளில் அத்தனை பேரும் சேர்ந்து அதிர்வார்கள்.

கஞ்சத்தனத்தால் வந்த வினை என்பாள் என் மனைவி. நான் சிக்கனம் என்பேன். இரண்டும் இல்லை, பேராசை. ஆபீஸ் நண்பர் ஒருவர் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்த ரகசியத்தைச் சொன்னார். டாலர் காசைப் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அமெரிக்க நாணயச்சாலை 2008-ல் ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. 250 டாலர் கொடுத்தால் 250 காசு வீடு தேடி வரும். தபால் செலவு அவர்களுடையது. கிரெடிட் கார்டும் செல்லும். கார்டில் வாங்கினால் விமான மைல் ஏறும். பெட்டி வந்ததும் அப்படியே பேங்கில் கட்டி, அந்தப் பணத்தில் கார்டு பில்லை அடைத்துவிட வேண்டியது. "கவர்மென்ட் செலவுல மெட்ராஸ் போய்ட்டு வரலாம் சார்" என்றார்.

அன்று இரவே நாலு பெட்டிக்கு ஆர்டர் போட்டேன். இரண்டு பெட்டி ஃபில்மோர். இரண்டு பெட்டி சககாவியா என்ற செவ்விந்தியப் பெண்ணின் படம் போட்டது. ஆயிரம் காசு, ஆயிரம் மைல். ஆயிரம் மைலுக்கு எந்த ஏர்லைன்ஸும் சீட் தராது, ஒரு தலையணை தந்தால் உண்டு. ஆனால் துணிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக் குவித்தார்கள். விழித்துக்கொண்ட நாணயச்சாலை 2011 ஜூலையில் கிரெடிட் கார்டை நிறுத்திவிட்டது.

ஒரு காசு 8.1 கிராம். ஆயிரம் காசு எட்டு கிலோவுக்கு மேல். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பேங்குக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் ரோலின் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மைலா?" என்றார். அவ்வளவுதான். திருட்டு மாங்காயோடு தோட்டக்காரரிடம் அகப்பட்ட பையன் போல ஆகிவிட்டது எனக்கு. "சேச்சே, செலவு பண்ணத்தான் வாங்கினேன். இங்க சும்மா ஒரு சந்தேகம் கேக்க வந்தேன்" என்று உளறிவிட்டு, எட்டு கிலோவையும் திரும்பச் சுமந்துகொண்டு வந்தேன். என்ன சந்தேகம் என்று அவர் கேட்காமல் விட்டது பெருந்தன்மை.

மானம் போகாமல் இருக்க, இனி அத்தனையையும் செலவு செய்தாக வேண்டும். டாலரைச் செலவு செய்வதா கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டாலர் காசு இந்த நாட்டில் ராசியில்லாத காசு. 1971-ல் ஐசன்ஹோவர் படம் போட்டு ஒன்று அடித்தார்கள். 38 மில்லிமீட்டர், தீபாவளித் தட்டை அளவு. நாலு காசு போட்டால் பேன்ட் இறங்கிவிடும். சரி, சின்னதாக அடிப்போம் என்று 1979-ல் சூசன் பி. ஆன்டனி படம் போட்டு ஒன்று. அது 26.5 மில்லிமீட்டர். 25 சென்ட் காசான குவார்ட்டரோ 24.3 மில்லிமீட்டர், நிறமும் அதே வெள்ளி நிறம். (குவார்ட்டர் என்றதும் வேறு எதையும் நினைக்காதீர்கள்.) கால் டாலர் என்று நினைத்து ஒரு டாலரைக் கொடுத்து ஏமாந்தவர்கள் அதைக் கையால் தொடவே பயந்தார்கள். 2000-த்தில்தான் புத்தி வந்து, செம்பின்மேல் மாங்கனீஸ் பித்தளை போர்த்தி, தங்க நிறத்தில் சககாவியாவை வெளியிட்டார்கள். 2007-லிருந்து ஜனாதிபதிகள், வருஷத்துக்கு நாலு பேர்.

அழகான காசுதான். ஆனால் ஒரு டாலர் நோட்டை அவர்கள் நிறுத்தவில்லை. பிரிட்டன் 1983-ல் ஒரு பவுண்டு காசை விட்டது, 1988-ல் நோட்டைச் செல்லாததாக்கியது. கனடா 1987-ல் காசை விட்டு, இரண்டே வருஷத்தில் நோட்டு வெளியிடுவதை நிறுத்தியது. இங்கேயோ மாமியார் இடுப்பிலேயே கொத்துச்சாவியை விட்டுவைத்து, மருமகளைப் பார்த்து, "வீடு இனி உன் பொறுப்பு" என்கிறார்கள். நடக்குமா?

நடக்கவில்லை என்பதைக் கடை கடையாகப் போய் நானே கண்டேன். பெட்ரோல் பங்க்கில் கொடுத்தால், காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த நாட்டுக் காசு?" என்றார் ஒருவர். "உங்க நாட்டுதுதான்" என்றேன். நான் சொல்லி அவர் நம்புவதாவது! ஃபில்மோர் யார் என்று அவருக்கும் தெரியவில்லை, காசு வாங்குவதற்கு முன் எனக்கும் தெரியாது. காபிக் கடையில் ஒரு பெண் வாங்கிக்கொண்டாள். ஆனால் கல்லாப்பெட்டியில் அதற்குக் குழியே கிடையாது. ஒரு சென்ட், ஐந்து, பத்து, இருபத்தைந்து என்று குழிகள், இதற்கு மட்டும் இடமில்லை. தன் பர்ஸிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்துக் கல்லாவில் வைத்துவிட்டு, என் காசைத் தன் பையனுக்கென்று எடுத்துக்கொண்டாள். அப்படியாகக் காசு மறுபடியும் உண்டியலுக்குத்தான் போனது. கோயிலில் அர்ச்சனைத் தட்டில் போட்டபோது குருக்கள் முகம் மலர்ந்தது ஒன்றுதான் ஆறுதல்.

அரசாங்கத்துக்கும் என் கதிதான் என்று பிறகு தெரிந்தது. 2011 டிசம்பரில், புழக்கத்துக்காக அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அப்போது மத்திய வங்கியின் பெட்டகங்களில் 140 கோடி காசு, கேட்பாரற்று. என்னிடம் ஆயிரம். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஈக்வடாரில் மட்டும் இந்தச் சககாவியா காசு சந்தையிலும் பஸ்ஸிலும் சரளமாகப் புழங்குகிறதாம், அங்கே டாலர்தான் நாட்டுப் பணம். காசு மாற்றுவதற்காக ஈக்வடார் வரை போகலாமா என்று யோசித்ததை மனைவியிடம் சொல்லவில்லை.

2018-ல் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்தாள். வந்த மூன்றாம் நாள், ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், சமையலறை மேடையில் என் சககாவியா காசுகள் துணியில் பரப்பிக் காய்கின்றன. "கறுத்துப் போயிருந்துதுடா, புளி போட்டுத் தேய்ச்சேன்" என்றாள். காசு சேகரிப்பவர்கள் காதில் விழுந்தால் மயங்கி விழுவார்கள், பழைய காசைத் தேய்ப்பது அவர்களுக்கு மகாபாவம். எனக்கென்ன, தேய்த்தாலும் ஒரு டாலர், தேய்க்காவிட்டாலும் ஒரு டாலர்.

"யாருடா இது, முதுகுல புள்ளையைக் கட்டிண்டு?"

சொன்னேன். லூயிஸ், கிளார்க் என்று இரண்டு பேர் மேற்குக் கடலைத் தேடிப் போனபோது, கைக்குழந்தையோடு கூடவே நடந்தவள். மொழிபெயர்த்துச் சொன்னவள். பயணம் முடிந்து புருஷனுக்கு 500 டாலரும் நிலமும் கொடுத்தார்கள். இவளுக்குச் சல்லிக்காசு கொடுக்கவில்லை.

"எல்லா ஊர்லயும் அதானே" என்றாள் அம்மா, துடைத்துக்கொண்டே.

அவள் உருவத்தை வடித்த சிற்பி கிளென்னா குட்ஏக்கர் கெட்டிக்காரர். தன் கூலி 5,000 டாலரையும் அந்தக் காசாகவே வாங்கிக்கொண்டார். நாற்பது கிலோ! அவர் வீட்டுக் கிரைண்டருக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருந்ததோ.

கடைக்காரர்கள் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னதும் அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. சுருக்குப்பையை அவிழ்த்து ஏழெட்டுப் பத்து ரூபாய்க் காசுகளை எடுத்துக் காட்டினாள். ஊரில் கண்டக்டரும் வாங்குவதில்லை, பூக்காரியும் வாங்குவதில்லையாம். 14 டிசைனும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி அந்த வருஷம் ஜனவரியில்தான் அறிக்கை விட்டிருந்தது. கண்டக்டர் அறிக்கையா படிக்கிறார்?

போகிற போக்கில் வழியையும் அவளே சொன்னாள். நியூ ஜெர்சி எடிசனில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். 101 டாலர் மொய். கவரில் நூறு டாலர் நோட்டோடு கசங்கிய ஒற்றை நோட்டு ஒன்றைச் செருகினேன். "ஊர்ல ஒரு ரூபாய்க் காசைத்தானே ஒட்டுவோம்? அந்தப் பொண்ணு காசை வை" என்றாள். தேய்த்த சககாவியாவைக் கவரின்மேல் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். மண்டபத்தில் கவரைப் பார்த்த ஒரு மாமி, "இது எங்க கிடைக்கறது?" என்றார். மறுநாள் வீட்டு வாசலில் வந்து ஒரு ரோல் வாங்கிப்போனார். அப்புறம் அவருடைய நாத்தனார். அப்புறம் பூணூல், வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று தமிழர், தெலுங்கர், குஜராத்தி பேதமில்லாமல் வந்தார்கள். நாணயச்சாலை கோடிகள் கொட்டியும் முடியாததைப் புளியும் செல்லோடேப்பும் சாதித்தன.

ஒரே குறை. பெண்ணும் பிள்ளையுமாக இருப்பதைத்தான் எல்லோரும் கேட்டார்கள், மங்கலமாம். அது 20 ரோலும் தீர்ந்துவிட்டது. ஃபில்மோரைப் பார்த்ததும், "இந்தத் தாத்தா வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம் என்று தாத்தா பொருத்தமாக இருக்கும் விசேஷம் ஏதாவது நியூ ஜெர்சிப் பக்கம் வைத்திருந்தால் சொல்லி அனுப்புங்கள். ரோல் 25 டாலர்தான், லாபம் வைப்பதில்லை. புளி போட்டுத் தேய்த்தே தருகிறேன்.